கொலையாளி யார்? மர்மத் தொடரின் முடிச்சை இறுதி அங்கத்துக்கு முன்பே அவிழ்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொலை மர்மத் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில் "இவன்தான்" என்று சொல்லிவிடுவது யாருக்கும் எளிது. அங்கத்துக்கு ஒருவராகக் கைகாட்டிக்கொண்டே போகிறவர் எப்படியும் ஒருமுறை சரியான ஆளைக் காட்டியிருப்பார். அதைக் கண்டுபிடிப்பு என்று கொள்ள முடியாது. இறுதி அங்கம் தொடங்குவதற்கு முன்பே ஒரே ஒரு பெயரை, அதற்கான காரணங்களோடு, எழுத்தில் வைப்பதே கண்டுபிடிப்பு. அதற்கான முறையை இங்கே விளக்குகிறேன். கமரா நமக்குக் காட்டியதையும் பாத்திரங்கள் நமக்குச் சொன்னதையும் தனித்தனியே பிரித்து வைத்துக்கொள்வதுதான் அம்முறையின் அடித்தளம். தொடர் எடுப்பவர்கள் தங்கள் வித்தையில் பெரும்பகுதியை இவ்விரண்டும் பார்வையாளர் மனத்தில் ஒன்றாகிவிடச் செய்வதிலேயே செலவிடுகிறார்கள்.

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் மாரிகாலத்து இரவுகளில் உறவினரும் அயலவருமாகக் கூடித் தொடர் பார்க்கும் வழக்கம் உண்டு. தோற்றவர் அடுத்த முறை ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி வர வேண்டும் என்பது அங்கே நிலவும் சட்டம். கீழே உள்ள விதிகளிற் பல அந்தத் தயிருக்காக நடந்த வாக்குவாதங்களில் உருவானவை.

முதலில் தொடரின் வகையை அறிந்துகொள்ளுங்கள்

எல்லா மர்மத் தொடர்களும் பார்வையாளரை ஊகிக்க அழைப்பவையல்ல. 1971இல் தொடராக ஓடத் தொடங்கிய 'கொலம்போ' பெரும்பாலும் கொலையாளியையும் கொலையையும் தொடக்கத்திலேயே காட்டிவிடும். துப்பறிவாளர் அவரை எப்படி மடக்குகிறார் என்பதே அங்கே சுவை. அத்தகைய தொடருக்கு இந்த வழிகாட்டி வேண்டியதில்லை. டேவிட் சூஷே நடித்து 1989 முதல் 2013 வரை 70 அங்கங்களாக வந்த 'பொய்ரோ' தொடரில், ஒரு வழக்கு அநேகமாக ஒரே அமர்வில் முடிந்துவிடும்; புதிதாகப் பழகுவோருக்கு அதைவிட நல்ல களம் இல்லை. 'சுழல்' (2022), பிரித்தானியாவின் 'புரோட்சர்ச்' (2013) ஆகியவற்றின் முதற்பருவங்களைப் போல எட்டு அங்கங்களில் ஒரே வழக்கைச் சொல்பவை மூன்றாவது வகை. இவ்வழிகாட்டி பெரிதும் அவற்றுக்கானது.

நான்காவது வகையொன்றும் உண்டு. அதிற் சிக்கினால் நேரம்தான் வீண். எழுதுகிறவருக்கே விடை சொல்லும் எண்ணம் இல்லாத தொடர் அது. 1990இல் அமெரிக்காவையே "கொன்றது யார்?" என்று கேட்கவைத்த 'டுவின் பீக்ஸ்' தொடரில், அந்த விடையைச் சொல்லாமலே வைத்திருக்கத்தான் இயக்குநர் டேவிட் லிஞ்ச் விரும்பினார், ஒளிபரப்பு நிறுவனத்தின் அழுத்தத்தால்தான் இரண்டாம் பருவத்தில் விடை வந்தது. அதைக் கலையாக ரசிக்கலாம், புதிராக அவிழ்க்கக் கூடாது. ஆகவே, எத்தனை அங்கங்கள், முழுவதும் எழுதி முடித்த பின் எடுக்கப்பட்டதா, வழக்கு இப்பருவத்திலேயே முடிகிறதா என்பவற்றை மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு வரியும் வாசிக்க வேண்டாம்.

கொப்பியும் மூன்று நிரல்களும்

ஒரு கொப்பியை எடுத்துப் பக்கத்தை மூன்று நிரல்களாகப் பிரியுங்கள். முதலாவது 'கண்டது', இரண்டாவது 'சொன்னது', மூன்றாவது 'நினைத்தது'. கமரா நேரடியாகக் காட்டிய பொருள், இடம், நேரம், ஆள் ஆகியவை முதல் நிரலுக்கு உரியவை. ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வந்த எதுவும், அது பொலிஸ் அதிகாரியின் வாயாக இருந்தாலும், இரண்டாவது நிரலுக்கே போக வேண்டும். சொன்னவரின் பெயரையும் பக்கத்தில் எழுத வேண்டும். உங்கள் சந்தேகங்கள் மூன்றாவதில் அடங்கட்டும்.

இதில் மிகவும் வழுக்கும் இடம் நினைவுக்காட்சி. ஒருவர் விசாரணையில் "அன்று இரவு நான் பார்த்தேன்" என்று தொடங்க, திரையில் அந்த இரவே விரியும்போது, நாம் அதைக் கண்ணால் கண்டதாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம். உண்மையில் அது அவருடைய வாக்குமூலத்தின் படம் மட்டுமே. இரண்டாவது நிரலுக்கு உரியது. ஒரே பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லும் 'வதந்தி' (2022) போன்ற தொடரில் இந்தப் பிரிவைக் கைவிட்டால் மூன்றாம் அங்கத்துக்குள் தலை சுற்றிவிடும். நினைவுக்காட்சியில் எவரும் சொல்லியிருக்க முடியாத ஏதாவது தெரிந்தால் மட்டும், அதாவது சொல்பவர் அறையை விட்டுப் போன பின்பும் அறை தொடர்ந்து காட்டப்பட்டால் மட்டும், அதை முதல் நிரலுக்கு மாற்றலாம்.

முதல் நிரலை நிரப்புவதற்குக் கூர்மையான கண் வேண்டும். அது எப்போதும் குறிப்பெடுப்பவரிடம் இருப்பதில்லை. எங்கள் விறாந்தையில் தேங்காய்ப்பூத் துருவிக்கொண்டே தொடர் பார்க்கும் என் மச்சாள் ஒருத்தி, நாங்கள் எல்லோரும் வசனத்தில் மூழ்கியிருந்த ஒரு காட்சியில், "மச்சான், இவர்ர சேட்டப் பாருங்க, விடிய போட்டது இது இல்ல" என்றாள். அந்தப் பாத்திரம் நாள் முழுக்க அலுவலகத்தை விட்டு நகரவில்லை என்று சொல்லியிருந்தது. உடை, கடிகாரம், காயத்தின் பக்கம், வாகனத்தின் எரிபொருள் முள், மேசையிலிருந்த கோப்பைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வசனம் மறைக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: காட்சிகளை வரிசை மாற்றி எடுக்கும்போது உடையலங்காரப் பிரிவினர் விடும் தவறும் இப்படித்தான் தோற்றமளிக்கும். அதே மாற்றத்தை இன்னொரு காட்சி உறுதிப்படுத்தும் வரை அதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்கக் கூடாது.

முதல் அங்கத்தை இரண்டு முறை பாருங்கள்

துப்பறியும் கதைகளுக்கு 1929இல் பத்து விதிகள் வகுத்த ரொனால்ட் நொக்ஸ், குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பதை முதலாவது விதியாக வைத்தார். எழுத்துலகில் அது எத்தனையோ முறை மீறப்பட்டாலும் தொலைக்காட்சியில் இன்றும் பெரும்பாலும் செல்லுபடியாகிறது. ஆறாம் அங்கத்தில் புதிதாக வந்த ஒருவரைக் கொலையாளியாக்கினால் பார்வையாளர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார் என்பது எடுப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே முதல் அங்கத்தில் முகம் காட்டி, பெயர் சொல்லப்பட்ட எல்லோரையும் பட்டியலிடுங்கள். சடலம் கிடைப்பதற்கு முன்பு வந்தவர்களை அடிக்கோடிடுங்கள்.

பிறகு, எதற்காக இந்தக் காட்சி என்று விளங்காத காட்சிகளைத் தேடுங்கள். நாற்பத்தைந்து நிமிட அங்கத்தில் படத்தொகுப்பாளர் ஈவிரக்கமின்றி வெட்டுவார். அப்படியிருந்தும் ஒருவர் தன் வீட்டு மதிற்கதவின் பூட்டு இறுகியிருப்பதாக முணுமுணுக்கும் பத்து விநாடி தப்பிப் பிழைத்திருக்கிறது என்றால், அதை யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தப் பத்து விநாடியை உங்கள் கொப்பியும் காப்பாற்ற வேண்டும்.

நடக்காதவற்றையும் எழுதுங்கள். ஷெர்லக் ஹோம்ஸ் 1892இல் வெளியான ஒரு கதையில் இரவில் நாய் குரைக்கவில்லை என்பதிலிருந்தே வந்தவர் அதற்குப் பழக்கமானவர் என்று முடிவு கட்டினார். கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காதவர், அழைத்திருக்க வேண்டிய தொலைபேசிக்கு அழைக்காதவர், செத்த வீட்டில் எல்லோரும் பார்க்கும் பக்கம் பார்க்காதவர் ஆகியோரே நீங்கள் கவனிக்க வேண்டிய குரைக்காத நாய்கள்.

மரண நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம்

திரையில் வரும் வைத்தியர் சடலத்தின் அருகே குந்தியிருந்து "இரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில்" என்று சொல்லும் உறுதி மெய்யான சட்ட வைத்திய அதிகாரியிடம் இருக்காது. சடலம் மணிக்கு ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் வீதம் குளிரும் என்பது மிதமான காலநிலைக்கான தோராயமான கணக்கு. வெப்பம் மிகுந்த எங்கள் கரையோரத்தில் அது இன்னும் மெதுவாகவே குளிரும். உடல் விறைப்பு இரண்டு முதல் நான்கு மணித்தியாலங்களில் தொடங்கி, பன்னிரண்டு மணித்தியாலமளவில் முழுமையடைந்து, பின்னர் தளரும். வெப்பத்தில் தொடங்குவதும் தளர்வதும் விரைவு. ஆகவே ஒரு தொடர் மரண நேரத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்கிச் சொன்னால், அந்த ஒரு மணித்தியாலத்துக்குச் சாட்சியோடு இருப்பவரைத்தான் முதலிற் சந்தேகிக்க வேண்டும். குளிரூட்டி, ஈரத் துணி, நிறுத்தப்பட்ட கடிகாரம், இறந்தவரின் கைத்தொலைபேசியிலிருந்து பிந்தி வந்த செய்தி என்பவற்றில் ஒன்று முதல் நிரலில் இருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

நோக்கத்தைக் கடைசியில் வையுங்கள்

பெரும்பாலான பார்வையாளர்கள் "யாருக்கு இலாபம்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். என் கணிப்பில் இதுவே தோல்விக்கான நேர்வழி. ஒரு பாத்திரத்துக்குக் கொலை செய்யும் நோக்கத்தைக் கொடுப்பது எழுத்தாளருக்குச் செலவே இல்லாத வேலை. கடன், காதல், காணி என்று ஒரு வசனம் போதும். அதனால் எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கக்கூடிய வாய்ப்பும், கொலையாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய தகவலும் அப்படியல்ல. அவற்றை நம் கண்முன் வைத்தபடியே மறைக்க வேண்டும். மிகவும் சிரமப்பட்டு வைக்கப்படுபவை அவைதான்.

நோக்கத்தை எடைபோடும்போதும் கதை நடக்கும் ஊரின் வழமையைக் கொண்டே எடைபோட வேண்டும். மட்டக்களப்புத் தமிழரிடையே வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும் மருமகன் அவ்வீட்டிலேயே வந்து குடியிருப்பதும் வழக்கம் என்பதால், தகப்பனின் வீட்டுக்காக மகன் கொலை செய்தான் என்ற கதை எங்களுக்கு உடனே உறுத்தும். அதே உறுத்தலை வேறு நாட்டுக் கதைக்கும் பொருத்திப் பார்த்து, உண்மையான நோக்கமொன்றைத் தள்ளிவிடக் கூடாது.

பயிற்சிக்கு ஒரு கதை

முறையை ஓடவிட்டுக் காட்ட ஒரு கற்பனைத் தொடரைக் கட்டுகிறேன். மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் வசிக்கும் ஒரு போடியார் (பெரிய வயற்சொந்தக்காரர்), பெரும்போக அறுவடை முடிந்த இரவில், வாவிக்கு அப்பால் மேற்கே படுவான்கரையில் உள்ள தன் வயல்வாடியில், அதாவது காவற்குடிசையில், குவித்த நெல்லுக்குக் காவலாகத் தங்குகிறார். விடிந்ததும், அவருடைய வயல் வேலைகளைப் பார்க்கும் முல்லைக்காரர் சடலத்தைக் காண்கிறார். தலையில் அடி. வைத்தியர் இரவு பத்துக்கும் இரண்டுக்கும் இடையில் என்கிறார். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூர்ப் பக்கம் போகும் பாதை மாலையோடு நின்றுவிட்டிருந்தது. (வாவியைக் கடக்கும் இழுவைப் படகை நாங்கள் பாதை என்போம், வாகனமும் ஆளுமாக ஏற்றிச் செல்லும்.) ஆகவே எழுவான்கரையில் இருந்த எவரும் கொலை செய்திருக்க முடியாது என்று பொலிசார் கருதி, கூலித் தகராறு இருந்த முல்லைக்காரரை இரண்டாம் அங்கத்தின் முடிவில் கைதுசெய்கிறார்கள்.

நான்காம் அங்கத்தில் மருமகனின் பொய் அம்பலமாகிறது. வீட்டில் உறங்கியதாகச் சொன்னவர், மனைவியின் நகையை அடகு வைத்த விடயத்தில் ஒருவரைச் சந்திக்க, பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி நள்ளிரவில் படுவான்கரைக்குப் போயிருக்கிறார். எல்லோருடைய கண்ணும் அவர்மீது. ஐந்தாம் அங்கத்தில் நெல்லுக்குப் பணம் பாக்கி வைத்திருந்த ஆலை முதலாளி தலைமறைவாகிறார்.

இப்போது கொப்பியைப் பாருங்கள். பாலத்தால் சுற்றி வரலாம் என்ற செய்தி மருமகனை மாட்டுவதற்காகவே நான்காம் அங்கத்தில் வெளியிடப்பட்டது. ஆனால் ஒருவருக்குத் திறந்த வழி எழுவான்கரையில் இருந்த எல்லோருக்கும் திறந்த வழி. தொடர் அதைப் பற்றி மூச்சுவிடாது. இது மர்மத் தொடர்களில் திரும்பத் திரும்ப வரும் உத்தி. ஒரு தடை உடையும்போது, முன்பு அத்தடையால் விடுவிக்கப்பட்ட எல்லோரையும் மீண்டும் பட்டியலில் ஏற்றுங்கள். நம்மூரை அறிந்த பார்வையாளர் முதல் அங்கத்திலேயே "பாலம் எங்கே போனது?" என்று கேட்டிருப்பார்.

அப்படித் திரும்ப ஏற்றப்படுபவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். போடியாரின் பால்ய நண்பர், கோயிலின் பொருளாளர், குடும்பத்துக்கு ஆறுதல், பொலிசாருக்கு உதவி. செத்த வீட்டில் அவர் சொன்னது இரண்டாவது நிரலில் இருக்கிறது: "விளக்குமில்லாமல் கும்மிருட்டில் கிடந்திருக்கிறானே என் சிநேகிதன்." முதல் நிரலிலோ இரண்டு குறிப்புகள் உள்ளன. மாலைக் காட்சியில் வாடியின் வளையில் இலாம்பு எரிந்துகொண்டிருந்தது; காலையில் பொலிஸ்காரர் ஒருவர் அதைத் தூக்கி ஆட்டியபோது உள்ளே எண்ணெய் தளும்பும் ஒலி கேட்டது. விளக்கு எண்ணெய் தீர்ந்து அணையவில்லை, யாரோ அணைத்திருக்கிறார். முல்லைக்காரர் வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. இரவில் அந்த வாடி இருட்டாக இருந்தது என்பது அணைத்தவருக்கு மட்டுமே தெரியும்.

இது வெறும் ஒப்பாரி வார்த்தையாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டாவது ஆதாரம் வேண்டும். செய்தி கேட்டு முதற்பாதையிலேயே வந்து சேர்ந்ததாக அவர் சொல்கிறார். முதல் அங்கத்தில், அழகுக்காக வைத்ததுபோல் தோன்றிய விடியற்காட்சியில், அதே முதற்பாதை பள்ளிப் பிள்ளைகளோடும் ஒரு பால்காரரோடும் கரை சேர்வதை முழுமையாகக் காட்டியிருந்தார்கள். அதில் அவர் இல்லை. மூன்றாவது, நடக்காத ஒன்று: செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் "எப்படி நடந்தது?" என்று கேட்டார்கள், அவர் கேட்கவில்லை. இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் நோக்கத்தைத் தேட வேண்டும். தேடினால், முதல் அங்கத்தின் கோயிற் காட்சியில், கோயிலின் வண்ணக்கராகிய (நிருவாகியாகிய) போடியார் "திங்கட்கிழமை கணக்குக் கொப்பியைக் கொண்டு வாருங்கோ" என்று போகிற போக்கில் சொல்லும் வசனம் கிடைக்கும்.

மற்ற மூவரின் நோக்கங்களும் கூச்சலிட்டதைக் கவனியுங்கள். இவருடையது மட்டும் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வரியில் இருந்தது.

தொடருக்கு வெளியே உள்ள தடயங்கள்

பெரிய நடிகர் ஒருவர் சிறிய வேடத்தில் வந்தால் அவர்தான் கொலையாளி என்பது ஊரறிந்த சூத்திரம். அது சில வேளைகளில் பலிக்கவும் செய்யும். ஆனால் எடுப்பவர்களுக்கும் அந்தச் சூத்திரம் தெரியும் என்பதால், பெரிய நடிகரை வேண்டுமென்றே தூண்டிலாகப் போடுகிறார்கள். எங்கள் விறாந்தையில் பெயர்ப்பட்டியலைக் கொண்டு சொன்ன விடைக்குத் தயிர் கிடையாது.

நடிகரின் முகபாவத்தை வாசிப்பது அதைவிடப் பயனற்றது. 'புரோட்சர்ச்' முதற்பருவத்தின் நடிகர்களிற் பெரும்பாலோருக்குப் படப்பிடிப்பின் பெரும்பகுதி வரை கொலையாளி யார் என்று சொல்லப்படவில்லை. ஒரே கொலையை 20 அங்கங்களில் விசாரித்த டென்மார்க்கின் 'ஃபோர்புரிடெல்சன்' (2007) தொடரிலும் நடிகர்கள் விடை அறியாமலேயே நடித்தார்கள். தான் கொலையாளி என்பதை அறியாத நடிகரின் கண்ணில் குற்றவுணர்வைத் தேடி என்ன பயன்? அந்தக் கண்ணை எவ்வளவு நேரம் திரையில் நிறுத்துவது என்று தீர்மானித்த இயக்குநரை வாசிப்பது வேறு. ஒருவர் மீது இசை இருண்டு, கமரா நெருங்கி, அங்கமும் அங்கேயே முடிந்தால், பெரும்பாலும் அவரை விடுவித்துவிடலாம்.

பெயரை எழுதும் நேரம்

எட்டு அங்கத் தொடரில் ஆறாவது முடிந்ததும் எழுதுங்கள். அதற்கு முன் எழுதினால் குறிப்புகள் முழுமையாக வந்து சேர்ந்திருக்காது. ஏழாவதில் தொடரே விடையை நோக்கிச் சாயத் தொடங்கிவிடும், அங்கே எழுதுவதில் பெருமை இல்லை. எழுதுவதற்கு முன் உங்கள் ஆளைக் கொண்டு முதல் நிரலை மேலிருந்து கீழாக வாசித்து, அவர்தான் என்றால் விளங்கும் குறிப்புகளுக்கு நேரே ஒரு புள்ளி வையுங்கள். அதையே அடுத்த சந்தேக நபருக்கும் செய்யுங்கள். புள்ளி மிகுந்தவரை மட்டும் பார்க்காமல், எந்தப் பெயரின் கீழும் விளங்காமல் எஞ்சி நிற்கும் குறிப்பையும் பாருங்கள். அத்தகைய குறிப்பு இரண்டு மூன்று இருந்தால், கேள்வியே தவறாக இருக்கலாம்: இறந்தவர் குறிவைக்கப்பட்டவர்தானா, அடித்தவரும் மறைத்தவரும் ஒரே ஆளா, சடலத்தை அடையாளம் காட்டியவர் நம்பத்தக்கவரா என்று மூன்றையும் கேட்டுப் பாருங்கள். கொன்றவர் ஒருவர், அவரைக் காப்பாற்றத் தடயத்தை அழித்தவர் வேறொருவர் என்ற அமைப்பு நீண்ட தொடர்களில் அடிக்கடி வருவதால், குழப்பமான இடங்களில் நான் முதலில் சோதிப்பது அதைத்தான்.

பெயரையும் மூன்று காரணங்களையும் ஒரு துண்டில் எழுதி மடித்து, தொடர் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது பெரியம்மாவின் வெற்றிலைத் தட்டத்துக்குள் போகும். பெயர் சரியாகி மூன்று காரணங்களும் பிழையாக இருந்தால் பாதி வெற்றியாக மட்டுமே கணக்கிடுகிறோம். இதில் மச்சாளுக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.

இறுதி அங்கம் முடிந்ததும் முதல் அங்கத்தை மீண்டும் ஓடவிட்டு, விடையில் சொல்லப்பட்ட ஒவ்வொரு தடயமும் உண்மையிலேயே அங்கே இருந்ததா என்று கொப்பியோடு ஒப்பிடுங்கள். இருந்தும் நீங்கள் எழுதாமல் விட்டவற்றைச் சிவப்பில் குறியுங்கள். நீங்கள் வழக்கமாகத் தவறவிடுவது பொருளையா, நேரத்தையா, ஆள் இல்லாமையையா என்பது சில தொடர்களுக்குள் தெரிந்துவிடும். அடுத்த தொடரில் அந்த வகைக்கு மட்டும் தனி நிரல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தடயமே காட்டப்படாமல், இறுதி அங்கத்தில் புதிதாக முளைத்த ஒரு கடிதத்தாலோ ஒப்புதல் வாக்குமூலத்தாலோ முடிச்சு அவிழ்ந்திருந்தால் அதில் உங்கள் பிழை எதுவுமில்லை; அந்தத் துண்டைக் கிழித்துவிட்டு, அதே குழு எடுக்கும் அடுத்த தொடருக்குப் பந்தயம் கட்டாமல் இருங்கள்.